முள்ளிலவின் முள்ளைச் செதுக்கலாமா? மரப்பட்டையின் விநோதங்கள் பற்றி ஓர் இழை

#1 வேம்படி

பள்ளி வளாகத்து மரம் ஒன்றைப் பற்றி ஆலோசனை தேவை. நெஞ்சுயரத்தில் சுற்றளவு 140 செ.மீ. அடியிலிருந்து ஆறடி வரை கூம்புக் கூம்பாக முள். அதற்கு மேலே முள் குறைவு. மாசியில் இலையெல்லாம் உதிர்ந்தபின் சிவப்புப் பூ பூக்கிறது.

நிர்வாகம் மூன்று வேலை சொல்கிறது. முள்ளை அரிவாளால் செதுக்கிவிட்டு, அடிமரத்துக்குக் காவியும் வெள்ளையுமாக பெயின்ட் அடித்து, சுற்றிலும் சிமென்ட் திண்ணை கட்ட வேண்டுமாம். கிளைப் பக்கம் பட்டை பச்சையாகத் தெரிவதால் நோயோ என்றும் கேட்கிறார்கள். முள்ளுக்கும் உள்ளே இருக்கும் மரத்துக்கும் தொடர்பு உண்டா? செதுக்கினால் காயம் எவ்வளவு ஆழம் போகும்?

#2 காட்டுத்தடம்

சிவப்புப் பூ என்றால் முள்ளிலவு, பாம்பாக்ஸ் செய்பா. தலையணைப் பஞ்சு தரும் இலவம்பஞ்சு வேறு, அது செய்பா பென்டாண்ட்ரா. அதன் பூ வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, இளமரத்தின் பட்டை நல்ல பச்சை. தோட்டங்களில் வளர்க்கும் இலவம்பஞ்சில் முள்ளே இல்லாத மரங்களும் நிறைய உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முள் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று வேறு உறுப்புகள். எலுமிச்சை முள் இலைக்கக்கத்திலிருந்து வருவது. அது மாறிப்போன கிளை என்பதால் உள்ளே மரநரம்பு ஓடும், ஒடித்தால் நார் நாராகக் கிழியும். கருவேல முள் இலையடிச் செதிலின் மாற்றம், அதனால்தான் எப்போதும் ஜோடியாக இருக்கிறது. முள்ளிலவு, கல்யாண முருங்கை, ரோஜா மூன்றிலும் முள் பட்டையின் சொத்து. இலைக்கும் கணுவுக்கும் சம்பந்தமில்லாமல் எங்கே வேண்டுமானாலும் முளைக்கும், உள்மரத்தோடு ஒட்டு கிடையாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். காய்ந்த முள் ஒன்றைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். பட்டென்று கழன்று, அடியில் முட்டை வடிவத் தழும்பு தெரியும். தழும்பு காய்ந்த பழுப்பாக இருந்தால் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரமாகப் பச்சையாகத் தெரிந்தால் அந்த முள் இன்னும் முதிரவில்லை, மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

அரிவாள் வேண்டவே வேண்டாம். முள்ளின் அடிப்பகுதியோடு உயிருள்ள பட்டையும் சீவப்பட்டுப் போகும். காயத்தில் பழுப்பாகப் பிசின் கசியும். நாட்டு மருந்துக் கடையில் இலவம்பிசின் என்று விற்பது அதுதான். பிசின் வருவது மரம் காயத்தை அடைக்கப் பாடுபடுவதன் அடையாளம். ஒரேயடியாக ஆறடி உயரம் முழுக்கச் சீவினால் நூற்றுக்கணக்கான காயங்கள் ஒரே நாளில் திறக்கும்.

பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் மட்டும், காய்ந்த முட்களை மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டி எடுங்கள். ஒரு தட்டில் வராததை விட்டுவிடலாம். அடிமரம் பருக்கப் பருக்கப் பட்டை விரிந்து, முள் தானாகவே உதிரும். வயதான முள்ளிலவின் அடியில் முள் அரிதாக இருப்பது அதனால்தான்.

#3 நாற்றங்கால்

பச்சை நிறம் பற்றி. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பச்சை ஒட்டினால் அது மேலே படிந்த பாசி, மரத்துக்குக் கெடுதல் இல்லை. ஒட்டாவிட்டால் பட்டைக்குள்ளேயே இருக்கும் பச்சையம்.

பட்டை என்பது ஒரே பொருளல்ல. வெளியே தக்கை, செத்த செல்களால் ஆனது. அதற்கு உள்ளே தக்கையை உண்டாக்கும் மெல்லிய படலம். அதற்கும் உள்ளே உயிருள்ள உட்பட்டை, இலை சமைத்த சர்க்கரை கீழே இறங்கும் வழி. அதை ஒட்டி, பட்டையையும் மரத்தையும் புதிதாக உண்டாக்கும் மெல்லிய அடுக்கான கேம்பியம், பிறகு மரம். தக்கை மெல்லியதாக இருக்கும் மரங்களில் வெளிச்சம் அதை ஊடுருவி உள்ளே போகும். அங்கே பச்சையம் இருந்தால் தண்டே சமைக்கும்.

மரத்தின் உள் செல்கள் மூச்சுவிடும்போது வெளியாகும் கார்பன் டைஆக்சைடு தண்டுக்குள் நிறையத் தேங்கி நிற்கிறது. பட்டையின் பச்சையம் அதையே பிடித்துத் திரும்பச் சர்க்கரையாக்குகிறது. இலைபோல் துளைகளைத் திறந்து காற்றை வாங்க வேண்டியதில்லை, எனவே நீர் இழப்பு மிகக் குறைவு. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும் மரத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி! பச்சைக்கிளுவையைப் பாருங்கள். மேலே காகிதம்போல் உரியும் தோல், அதற்குக் கீழே பளபளக்கும் பச்சை. பழைய தோல் உரிந்து விழுவதால் வெளிச்சத்துக்கு மறைப்பு இல்லை.

வேலிக்கு வெட்டி நட்ட கிளைப் போத்து உயிரோடு இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்ப்பது இந்தப் பச்சையை நம்பித்தான். கீறல் அரை மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பும் வறட்சியுமாக இருந்தால் ஒரு சாண் கீழே கீறிப் பாருங்கள், நுனி மட்டும் காய்ந்திருக்கலாம்.

#4 வேம்படி

நன்றி. அப்படியானால் பெயின்ட் அடித்தால் என்ன ஆகும்? சுண்ணாம்பு அடிப்பது காலம் காலமாக நடப்பதுதானே?

#5 நாற்றங்கால்

சுண்ணாம்பும் எனாமல் பெயின்டும் ஒன்றல்ல. நீற்றுச் சுண்ணாம்பு காய்ந்தபின் துளைகள் உள்ள பூச்சு. காற்று போகும், இரண்டு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் இளமரத்தில் பட்டை வெந்து பிளக்காமல் காக்கும், அந்த அளவுக்கு நல்லது. எனாமல் பிளாஸ்டிக் தோல்போல் ஒட்டிக்கொள்ளும். பட்டையில் மூச்சுத்துளைகள் உண்டு. கூர்ந்து பார்த்தால் புள்ளியாகவோ குறுக்குக்கோடாகவோ தெரியும். முருங்கையிலும் இளம் அரசமரத்திலும் நன்றாகவே பார்க்கலாம். எனாமல் அவற்றை மூடும், பச்சைப் பட்டைக்கு வெளிச்சத்தையும் தடுக்கும்.

முள்ளிலவின் அடிமரத்தில் தக்கை தடித்துவிட்டதால் அங்கே வெளிச்சக் கணக்கு பெரிதில்லை. அடையாளத்துக்கு வெள்ளை வேண்டும் என்றால் சுண்ணாம்பு மட்டும் போதும். காவி வேண்டுமென்றால் காவிக்கல் பொடியைச் சுண்ணாம்போடு கலக்கலாம்.

ஏற்கெனவே யாராவது வெட்டிய காயம் இருந்தால் அதற்குப் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். துத்தத்தை 5 லிட்டரில் பிளாஸ்டிக் வாளியிலும், சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரில் தனியாகவும் கரையுங்கள். இரும்பு வாளி, தகரம் கூடாது, துத்தம் அரித்துவிடும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். பளிச்சென்று தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பசையே பட்டையைச் சுட்டுவிடும். கலந்த அன்றே பூசி முடிக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் பலன் குறையும்.

#6 தீக்கோடு

பட்டையின் தடிமன் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் முக்கியமான விஷயம், ஏனென்றால் நம் ஊர்களில் குப்பையை மரத்தடியில் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை.

கேம்பியம் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸை எட்டினால் செத்துவிடும். வெளியே தீ எரியும்போது அந்த வெப்பம் உள்ளே போய்ச்சேர எவ்வளவு நேரம் என்பது பட்டைத் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. காட்டுத்தீ ஆய்வாளர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் கணக்கு: தடிமனை செ.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 2.9 ஆல் பெருக்கினால் நிமிடங்கள். அரை செ.மீ. பட்டை முக்கால் நிமிடம்கூடத் தாங்காது. 1 செ.மீ. ஏறக்குறைய 3 நிமிடம். 2 செ.மீ. 11 நிமிடத்துக்கு மேல். தடிமன் இரட்டித்தால் காப்பு நான்கு மடங்கு. வட அமெரிக்க ஊசியிலை மரங்களை வைத்து வந்த கணக்கு இது. பட்டையின் ஈரத்தையும் அடர்த்தியையும் பொறுத்து மாறும், ஆனாலும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

புல்தீ மரத்தைக் கடந்து போக ஒரு நிமிடம் பிடித்தால் அதிகம். அதனால்தான் வருடாவருடம் புல் எரியும் இடங்களில் தடித்த பட்டை மரங்கள் நிலைத்திருக்கின்றன. பிரேசிலின் செராடோ புல்வெளி மரங்கள் பலவற்றுக்குத் தக்கை அவ்வளவு கனம். பக்கத்திலேயே இருக்கும் மழைக்காட்டு மரங்களுக்கோ மெல்லிய தோல், அங்கே தீ வராததால் அந்தச் செலவு தேவைப்படவில்லை. நம் வறண்ட இலையுதிர் காட்டில் கருமருது இதற்கு நல்ல உதாரணம். முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. ஆனால் அளக்கும்போது கட்டத்தின் மேட்டில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். தீ உள்ளே புகுவது வெடிப்பின் அடியில், அங்கே உள்ள தடிமன்தான் கணக்குக்கு உரியது.

குப்பைத்தீக்கு வாருங்கள். ஈரச்சருகும் பிளாஸ்டிக்கும் கலந்த குவியல் அரைமணி நேரம் புகைந்து கனலும். 30 நிமிடம் தாங்க வேண்டுமானால் இந்தக் கணக்குப்படி 3.2 செ.மீ. பட்டை வேண்டும். தெருவோர வேம்பிலும் புங்கத்திலும் அது எங்கே இருக்கிறது? தீ ஒரு பக்கம் மட்டும் பட்டதால் மரம் உடனே சாகாது. ஆறேழு மாதத்தில் அந்தப் பக்கப் பட்டை தொங்கி உரியும், பிறகு பூஞ்சையும் கரையானும். மரத்தடியில் சருகு சேர்ந்தால் தண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரமாவது தள்ளிக் கூட்டுங்கள்.

#7 மருதநிலம்

கருமருது என்றதும் ஒரு கேள்வி. 2024 மார்ச்சில் ஆந்திராவின் பாப்பிகொண்டா தேசியப் பூங்காவில் வனத்துறையினர் பட்டையை வெட்ட, தண்ணீர் பீறிட்டு வந்த காணொளி பரவியதே. கருமருதின் பட்டையில் தண்ணீர் சேமிப்பு இருக்கிறது என்றுதானே அதன் பொருள்?

#8 காட்டுத்தடம்

பட்டையில் இல்லை. அந்தக் காணொளியிலேயே வெட்டு பட்டையைத் தாண்டி உள்ளே போவதைக் காணலாம். தண்டுக்குள் சேர்ந்திருக்கும் நீர் அது, வெளியே புடைத்த பகுதியில் வெட்டினால் அழுத்தத்தோடு வருகிறது. எந்த மரத்தில் எங்கே புடைப்பு என்று காட்டியவர்கள் அங்குள்ள கொண்டா ரெட்டி பழங்குடியினர். எல்லாக் கருமருதிலும் வராது. வெளியே வந்த நீரில் கடுமையான வாடையும் புளிப்பும் இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. காணொளியைப் பார்த்துவிட்டுக் காட்டில் கண்ட மரத்தையெல்லாம் கொத்துவது மடமை. பத்து மரத்தைக் கொத்தினால் பத்திலும் காயம், நீர் ஒன்றிலாவது கிடைக்குமா என்பதே சந்தேகம்.

பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. நீர்மருது என்ற பெயர் அது ஆற்றங்கரையில் வளர்வதால் வந்தது. அதன் பட்டை வழவழப்பு, வெளிர் சாம்பல், தகடு தகடாக உதிரும். கருமருது மேட்டுக்காட்டு மரம், கருத்து வெடித்த பட்டை. இரண்டும் டெர்மினாலியா பேரினம், பட்டையில் நேர் எதிர்.

நீர்மருதின் பட்டையை மருந்துக்காக எடுப்பவர்களுக்கு: மரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் சர்க்கரை கீழே இறங்கும் வழி முழுக்க அறுந்து, வேர் பட்டினியில் சாகும். நெடுக்குவாட்டில் ஒரு பக்கம் மட்டும், அதுவும் மரத்தை ஒட்டிய உட்படலத்தை விட்டுவிட்டு வெளிப்பகுதியை மட்டும் எடுத்தால் மறுபடி வளரும். வெள்ளைமரம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆழம் கூடிவிட்டது என்று பொருள்.

தண்டில் நீர் சேர்க்கும் மரம் பார்க்க வேண்டுமானால் இலங்கையின் மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்கமரம் (பாவோபாப்) இருக்கிறது. ஆப்பிரிக்காவில் நாருக்காக அதன் பட்டையை அடிமரம் முழுக்க உரித்தாலும் புதுப்பட்டை பிடிக்கிறது. மரத்தின் மேற்பரப்பிலேயே உயிருள்ள மென்செல்கள் நிறைய இருப்பதால் அது முடிகிறது. பெரும்பாலான வேறு மரங்களில் அப்படிச் செய்தால் சாவுதான்.

#9 கொய்யாத்தோப்பு

உரியும் பட்டை பற்றிச் சிறு குறிப்பு. கொய்யாவில் பழுப்புத் தகடு உரிந்து கீழே பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தெரிவது இயல்பு. அதற்கு மருந்தடிக்க வேண்டாம். உரியும் தோலோடு செதிற்பூச்சி, பாசி, கொடியின் பற்றுவேர் எல்லாம் சேர்ந்து விழுகின்றன.

கவலைப்பட வேண்டியது வேறு: கிளைக் கவட்டில் மரத்தூளும் எச்சமும் நூலால் கோத்ததுபோல் நாடா நாடாக ஒட்டியிருந்தால் அது பட்டை தின்னும் புழு. நாடாவைத் துடைத்தெடுத்தால் அடியில் ஒரு துளை இருக்கும். கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடையுங்கள். நாடாவை அகற்றாமல் மேலாக மருந்து தெளிப்பது வீண், புழு பகலில் துளைக்குள் இருக்கும்.

இன்னொன்று. வானவில் யூகலிப்டஸ் நாற்று என்று படத்தைக் காட்டி விற்கிறார்களே, வாங்கலாமா?

#10 நாற்றங்கால்

மரம் உண்மை, படங்களில் பல நிறம் கூட்டியவை. யூகலிப்டஸ் டெக்ளுப்டா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, நியூகினி மழைக்காட்டு மரம். பட்டை நீள நீள நாடாவாக உரியும். உரிந்த இடம் முதலில் பளிச்சென்ற பச்சை, அதாவது மெல்லிய தோலுக்குக் கீழே உள்ள பச்சையம். நாள் போகப் போக மேல்செல்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்து நீலம், ஊதா, ஆரஞ்சு, கடைசியில் பழுப்பு. ஒவ்வொரு நாடாவும் ஒவ்வொரு நாளில் உரிவதால் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் தெரிகிறது. வருடம் முழுக்க மழையும் வெயிலும் உள்ள இடத்தில்தான் நிறம் முழுதாக வரும். ஆறேழு மாதம் வறண்டு கிடக்கும் சமவெளியில் நட்டால் மங்கல்தான். 60 மீட்டருக்கு மேல் உயரக்கூடிய மரம், வீட்டுச் சுவர் ஓரத்தில் வைப்பதை நினைக்கவே வேண்டாம்.

#11 கழிமுகம்

#5இல் மூச்சுத்துளை பற்றி வந்தது. அது உயிர்நாடியாக இருப்பது அலையாத்திக் காட்டில். சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. பிச்சாவரத்துச் சுரபுன்னையின் முட்டுவேர்களில் சேற்றுக்கு மேலே உள்ள பகுதியில் பொரிப்பொரியாகத் துளைகள். அவற்றின் வழியே காற்று உள்ளே போய், பஞ்சுபோன்ற திசு வழியாகக் கீழ்வேருக்கு இறங்குகிறது. 1955இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தத் துளைகளைக் கிரீஸ் பூசி அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள் இருந்த வேரில் 15-18 சதவீதமாக இருந்த ஆக்சிஜன், இரண்டே நாளில் 2 சதவீதத்துக்கு விழுந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வெண்கண்டலின், சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்களில் ஒட்டியது இதே வேலையைத்தான் செய்தது. மேலே இலை பச்சையாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது, வேர் முதலில் திணறும். சுத்தம் செய்யப் போகிறவர்கள் தேய்க்கக் கூடாது, தோல் உரியும். உயர்அழுத்தக் குழாயும் கூடாது. தண்ணீர் ஏறியிருக்கும்போது படகிலிருந்தபடி மெதுவாகத் தண்ணீர் அடித்து, மிதந்து வரும் எண்ணெயை உறிஞ்சுபொருளால் எடுக்க வேண்டும். சேற்றில் இறங்கி நடந்தால் மூச்சுவேர் ஒடியும், எண்ணெய் மிதிபட்டு ஆழத்துக்குப் போகும். பிறகு அதை எடுக்கவே முடியாது.

#12 குமரிப்பால்

காயத்தை அடைக்கும் பட்டை என்றால் ரப்பரைச் சொல்லாமல் விட முடியுமா? பால் இருப்பது உள்மரத்தில் இல்லை, உட்பட்டையில். அதன் குழல்கள் நேர்செங்குத்தாக ஓடாமல், மரத்தைப் பார்த்து நின்றால் கொஞ்சம் வலப்புறம் சாய்ந்து ஏறும். எனவே வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஒட்டுக்கட்டி வளர்த்த மரத்தில் 30 டிகிரி சரிவில் போகிறது. அப்போதுதான் அதிகக் குழல்கள் அறுபடும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் அதே நீள வெட்டில் பால் குறையும்.

ஒட்டுக்கு மேல் 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. எட்டிய பின்தான் பால்வெட்டு. பால் அதிகம் கேம்பியத்தை ஒட்டிய உள்ளடுக்கில் இருப்பதால் ஆழமாக வெட்டத் தோன்றும். ஆனால் கடைசி 1 மி.மீ. பட்டையை விட்டே ஆக வேண்டும். உள்மரத்தில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வளர்ந்து, புதுப்பட்டையில் மறுபடி வெட்ட முடியாது. விடியற்காலையில் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கினால் குழல்களில் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். பால் நிற்பதே மரம் காயத்தை மூடுவதுதான். வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் அந்த மூடி. அடிக்கடி வெட்டினால் பட்டை வறட்சி வரும், வெட்டின் ஒரு பகுதியில் பால் வராமல் பழுப்பாகும். அப்போது ஓய்வு கொடுப்பதைத் தவிர நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

#13 வேம்படி

எல்லோருக்கும் நன்றி. அரிவாள், எனாமல் இரண்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன். சிமென்ட் திண்ணை மட்டும் பாக்கி. தண்டை ஒட்டி மண் நிரப்பி மேலே கட்டுவதாகத் திட்டம்.

#14 காட்டுத்தடம்

தண்டை ஒட்டி மண்ணே போடக்கூடாது. வெளிக்காற்றுக்குப் பழகிய பட்டை மண்ணுக்குள் போனால் ஈரத்தில் ஊறி அழுகும், மூச்சுத்துளை அடைபடும், கரையான் மறைவில் ஏறும். மேலும் முள்ளிலவு வயதாக ஆக அடியில் பலகைபோல் புடைத்து விரியும். 140 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 45 செ.மீ.தான், இன்னும் வெகுவாகப் பருக்கும். நெருக்கிக் கட்டிய சிமென்டை மரம் உடைக்கும், அல்லது சிமென்ட் பட்டையை நெரிக்கும்.

திண்ணை வேண்டும் என்றால் தண்டிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி வட்டமாக, ஆழமான கடைக்கால் தோண்டாமல், தனித்தனிக் கல்பலகைகளாகப் போடுங்கள். இடையே உள்ள மண் இப்போதைய மட்டத்திலேயே திறந்து கிடக்கட்டும். பிள்ளைகள் முள்ளிலிருந்து தள்ளி உட்காரவும் அந்த இரண்டு மீட்டரே உதவும். பிறகு சுத்தியால் தட்டும் வேலைகூடப் பாதி குறைந்துவிடும்.

#15 வேம்படி

கல்பலகை கிடைக்கும். வட்டத்தை இன்றே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிவிடுகிறேன்.